பேயை விடுங்க, பத்திரத்தைப் பாருங்க

கொலை நடந்த வீட்டை வாங்கி, கிரகப்பிரவேச போட்டோ போட்ட பாவத்துக்கு அந்தப் பொண்ணை கமெண்ட்டில் இந்தப் பாடு படுத்தியிருக்க வேண்டாம். எந்தப் பதிவு என்று எல்லாருக்கும் தெரியும், லிங்க் போடப் போவதில்லை. "சிஸ்டர், அந்த ஹால்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்து வைத்த மகானிலிருந்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு லைவ் வாங்க அக்கா" என்று கேட்ட நகைச்சுவை மன்னன் வரைக்கும் படித்தேன். அவ்வளவு அக்கறையுள்ள ஜனத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்களாம்மா?" என்று கேட்கவில்லை.

கொலை நடந்த வீட்டை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். செத்தவருடைய ஆவி எங்கே போனது என்று தேடாதீர்கள், செத்தவருடைய பங்கு எங்கே போனது என்று தேடுங்கள். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். வேறு எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடலாம்.

வழக்கமாக வருகிற கேஸ் இதுதான். வீடு மனைவி பெயரில். மனைவி கொலையாகிறார், கணவர் மேல் வழக்கு. இரண்டு சின்னப் பிள்ளைகள், பாட்டி வீட்டில் வளர்கின்றன. தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழில் கணவர் பெயரும் பெரும்பாலும் இருக்கும். ஏனென்றால் அந்தச் சான்று உறவைச் சொல்கிற காகிதம், உரிமையைத் தீர்ப்பது அதன் வேலை இல்லை. புரோக்கர் அதைக் காட்டி, "கணவர் கையெழுத்து இருக்கு, பாட்டி கையெழுத்து இருக்கு, முடிச்சிடலாம் சார்" என்பார். முடித்தால் முடிந்தது கதை.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 25: கொலை செய்தவருக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கு கிடையாது. அவர் முன்பே இறந்துவிட்டதாக வைத்துத்தான் பங்கு பிரியும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், தந்தையைக் கொன்ற மகனின் மனைவி அந்த மகன் வழியாகவும் பங்கு கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக கணவர்தான் கொன்றார் என்று முடிவானால், மேலே சொன்ன வீடு பிள்ளைகளுடையது. பிள்ளைகள் மைனர். மைனர் சொத்தை இயற்கைக் காப்பாளரான அப்பாவே விற்பதாக இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். பாட்டி வெறுமனே வளர்ப்பவர். 1890-ம் வருடக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றம் அவரைக் காப்பாளராக நியமித்து, விற்கவும் தனியாக அனுமதி தந்திருந்தால்தான் அவர் கையெழுத்துக்கு மதிப்பு. இல்லையென்றால் அது வெறும் பேனா மை.

அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றால், பிள்ளை 18 வயதைத் தாண்டி 3 வருடத்துக்குள் ரத்து கேட்டு வழக்குப் போடலாம். கடைக்குட்டிக்கு இப்போது 4 வயது என்றால் 17 வருடம் கழித்தும் உங்கள் வாசலில் சம்மன் வரலாம். நடுராத்திரி கொலுசுச் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் இந்த சம்மனுக்கு ஏன் பயப்படுவதில்லை என்றுதான் புரியவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லையா? கணவர் வழக்கிலிருந்து விடுதலையாகிவிட்டால் அவர் பங்கு உயிரோடு இருக்கலாம். அதனால் அவரிடமிருந்து விடுதலைப் பத்திரமும் (தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது), பிள்ளைகளுக்கு நீதிமன்ற அனுமதியும், இரண்டும் வேண்டும். சிறையில் இருக்கிறாரே என்றால், சிறையில் இருப்பவர் நேரில் வர வேண்டாம் என்று பதிவுச் சட்டம் பிரிவு 38-லேயே இருக்கிறது. சார்பதிவாளர் அங்கே போகலாம், இல்லையென்றால் கமிஷன் அனுப்பலாம்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் கவனிக்க: அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். கொலை வழக்கும் வராது, நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் வராது. விற்பவர் பெயரையும் இறந்தவர் பெயரையும் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுங்கள். காவல்துறைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வீடு. ஹால் தரையில் ஓர் இடத்தில் மட்டும் சிமென்ட் பெயர்ந்து சின்னதாக இரண்டு பள்ளம் இருக்கும். பார்த்ததும் பதற வேண்டாம். பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுகிற குறிப்பு) எழுதும்போது ரத்தக்கறை படிந்த சிமென்ட் துண்டு ஒன்று, ஒப்பிடுவதற்குக் கறை படியாத துண்டு ஒன்று என்று விசாரணை அதிகாரி பெயர்த்து எடுப்பது நம்மூர் வழக்கம். தடயம் எடுத்து முடிந்ததா என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

காய்ந்த ரத்தத்தில் வெந்நீர் ஊற்றாதீர்கள், கறை இறுகிவிடும். பச்சைத் தண்ணீரும் சோப்பும் போட்டு முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகுதான் ப்ளீச். 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர், 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்க வேண்டும். அழுக்கு இருக்கும்போதே ஊற்றினால் ப்ளீச் அங்கேயே செத்துப்போகும். வேகத்தில் பாத்ரூம் ஆசிடையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். உடல் பல நாள் கழித்துக் கிடைத்த வீடு என்றால் துடைப்பதெல்லாம் கண்துடைப்பு. டைல்ஸ் இடுக்கு வழியாகக் கீழே இருக்கிற கலவைக்குள் இறங்கியிருக்கும். கான்கிரீட் தெரிகிறவரை பெயர்க்க வேண்டும், அடிச்சுவரில் பூச்சைச் செங்கல் தெரிகிறவரை கொத்த வேண்டும். மேலே எமல்ஷன் அடித்து மறைத்தால் அடுத்த மழைக்காலத்தில் கறையும் வாடையும் திரும்பி வரும்.

வாடை என்றதும் ஞாபகம் வருகிறது. பூட்டிக் கிடந்த வீட்டில் "ஒரு மாதிரி நாத்தம் வருது, உள்ளே ஏதோ இருக்கு" என்று வீடியோ போட்டானே ஒரு தம்பி, அவனுக்காக: பாத்ரூம் நானி ட்ராப்பில் (தரையில் தண்ணீர் வெளியேறுகிற குழி) நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. சில வாரம் புழங்காமல் விட்டால் அது வற்றிவிடும். நாற்றம் மேலே வரும், கூடவே கரப்பானும் வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அந்த ஆவி சாந்தியடைந்துவிடும்.

"எங்க நம்பிக்கையைக் கிண்டல் பண்றீங்க" என்று வருவீர்கள், தெரியும். சரி, நம்பிக்கையையே எடுத்துக்கொள்வோம். தனிஷ்டா பஞ்சமி அடைப்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதியில் இறந்தால் 6 மாதம் அறையை அடைக்க வேண்டும். ரோகிணிக்கு 4 மாதம். அதாவது உங்கள் பஞ்சாங்கமே 6 மாதத்துக்கு மேல் கேட்கவில்லை! ஹோமம் பண்ணுங்கள், வீடு மந்திரியுங்கள், துஆ ஓதுங்கள், யார் தடுத்தார்கள்? அடைப்புக்குக் கெடு வைத்த ஊரில் "அந்த வீடு ஏழு தலைமுறைக்கு ஆகாது" என்று யார் கிளப்பிவிட்டது? ஏழு தலைமுறை! மூன்றாவது தலைமுறைப் பத்திரத்தையே ஒழுங்காக வாங்கிப் பார்க்காத நாம் பேசுகிறோம்.

டெல்லி புராரியில் 2018-ல் ஒரே குடும்பத்தில் 11 பேர் இறந்த வீடு எல்லாருக்கும் நினைவிருக்கும். 2019 கடைசியில் அங்கே ரத்தப் பரிசோதனை நிலையம் வந்துவிட்டது. வேலை நடந்தது.

"அப்போ சொல்லாம மறைச்சு விக்கலாமா?" கூடாது. தெளிவாகச் சொல்கிறேன், கூடாது. ஜப்பானில் 2021-ல் அரசே வழிகாட்டுதல் போட்டது, கொலை நடந்த வீட்டை வாடகைக்கு விட்டால் சுமார் 3 வருடம் வரை சொல்லியாக வேண்டும் என்று. கலிபோர்னியாவிலும் 3 வருடக் கணக்கு உண்டு. நம்மிடம் அப்படி நேரடி விதி இல்லை. சொத்து மாற்றுச் சட்டம் முக்கியமான குறையைச் சொல்லச் சொல்கிறது, அதில் கொலை அடங்குமா என்பது வக்கீல்கள் சண்டை. அதனால் விற்பனை ஒப்பந்தத்திலேயே, "இன்ன வருடம் இப்படி ஒரு சம்பவம் நடந்தது, வாங்குபவருக்குத் தெரியும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

"ரீசேல் கிடைக்காது சார்." ஆமாம், கஷ்டம்தான். ஏன் கஷ்டம்? நீங்கள் கமெண்ட் போடுவதால்!

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. இந்தப் பேய்க்கதையால் யாருக்கு லாபம் என்று யோசித்தீர்களா? சந்தையில் 80 லட்சம் போகிற வீட்டை "யாரும் வாங்க மாட்டாங்க பாட்டி, 50-க்கு விட்டுடுங்க" என்று முடிப்பார்கள். அந்த 30 லட்சம் யாருடைய பணம்? அம்மாவைப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் அது. நீதிமன்றம் வங்கியில் டெபாசிட் போடச் சொல்லி, 18 வயதில் அவர்கள் கைக்குப் போக வேண்டியது. பேயும் எடுக்கவில்லை, பிசாசும் எடுக்கவில்லை, எல்லாம் பேரம் பேசிய மனிதர்கள்.

இத்தனைக்கும் அந்தச் சாமர்த்தியம் அவர்களுக்கே வினையாகலாம். அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்று வையுங்கள். 50-க்கு வாங்கினாலும் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் 60-க்குத்தான் கேட்பார்கள், 5.4 லட்சம். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் அந்த 10 லட்சம் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்பட்டு அதற்கும் வரி. "கொலை நடந்த வீடு, அதான் விலை குறைவு" என்று மதிப்பீட்டு அதிகாரியிடம் வாதாடிப் பார்க்கலாம். அங்கே போய்ப் பேயைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.

"நீங்க வாங்குவீங்களா?" வாரிசுகள் பக்கம் சரியாக இருந்தால், நியாயமான விலைக்கு, வாங்குவேன். மனசு ஒப்பாதவர்கள் வாங்க வேண்டாம், அதில் தப்பே இல்லை. உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக வாங்கினவளை ஏன் குத்துகிறீர்கள்?

கடைசியாக ஒன்று. அங்கே "ஐயோ, அந்த வீடா!" என்று கமெண்ட் போட்டுவிட்டு, இன்பாக்ஸில் வந்து "இது மாதிரி வேற வீடு ஏதாச்சும் கம்மி விலைக்கு வந்தா சொல்லுங்க" என்று கேட்டிருக்கிற அண்ணன்களுக்கு: வரும். சொல்ல மாட்டேன்.