குகைக்குள் இருக்க வேண்டியவன் நம் கோஷ்டியில் வந்தால்

புது கேம்பெயின், அதாவது வாரக்கணக்கில் நீளும் ஒரு புதுக் கதை, என்று பேச்சை எடுத்தாலே எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன் கேட்பான்: "மச்சி, இந்தத் தடவை நான் டிராகனா ஆடட்டுமா?" மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம் எங்களுடையது. அதற்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர் வைத்துவிட்டு டிராகன் மட்டும் கிடையாது என்றால் கேட்கத்தானே செய்வான். ஆட்டத்தை நடத்தும் நான் பல வருடம் முடியாது என்றே சொல்லி வந்தேன். இப்போது சரி என்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு.

முன்பு என் பயமெல்லாம், மற்றவர்கள் சண்டை போட்டு வீழ்த்த வேண்டிய ராட்சசனை ஒருவன் கையில் கொடுத்தால் அவன் ஒருவனே எல்லாரையும் அடித்துப் போட்டுவிடுவான் என்பதுதான். நாங்கள் இன்னும் பழைய 3.5 பதிப்பு விதியில்தான் ஆடுகிறோம். அதில் இதற்கு லெவல் அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு கணக்கு உண்டு, ராட்சசனின் கூடுதல் பலத்தையும் லெவலாக எண்ணுவது. ஓகர் என்ற பெரிய ராட்சசனுக்குப் பிறவியிலேயே நான்கு ஹிட் டைஸ் (உயிர்க் கணக்குப் பகடைகள்), அவன் பலத்துக்காக மேலே இரண்டு. ஆக, ஆறாம் லெவல் ஆட்களோடு அவனைச் சேர்க்கலாம். சரி, ஆடிப் பார்க்கட்டும் என்று ஒருமுறை ஒருவனை ஓகராக விட்டேன்.

முதல் சண்டையில் அவன் தடியைச் சுழற்றியபோது மேஜையில் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். மூன்றாவது வாரம் ஐந்தடி அகலச் சுரங்கம் வந்தது. ஓகருக்கு நிற்கவே பத்தடி வேண்டும். உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனால் பாதி வேகம்தான், அடிப்பதிலும் நான்கு குறையும், தற்காப்பிலும் நான்கு குறையும். கூட இருந்த ஃபைட்டருக்கு உயிர்க் கணக்கில் ஆறு பத்துமுகப் பகடை, இவனுக்கு நான்கு எட்டுமுகம்தான். முதல் வாரம் துள்ளியவன் அன்று முழுக்க டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, குள்ள இனத்து ஹாஃப்லிங் குடுகுடுவென்று முன்னால் ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது.

இதைவிடக் கூத்து மைண்ட் ஃப்ளேயர் என்ற, மனசை ஆட்டிப் படைக்கும் ராட்சசன். எட்டு ஹிட் டைஸ், அட்ஜஸ்ட்மென்ட் ஏழு, ஆக பதினைந்தாம் லெவல். அந்த லெவலில் விசார்ட் எட்டாம் நிலை மந்திரம் போட்டுக்கொண்டிருப்பார், ஃபைட்டரின் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க் கணக்கு, நூறைத் தாண்டியிருக்கும். மைண்ட் ஃப்ளேயரின் சராசரி 44! ஒரு நல்ல மூச்சை டிராகன் விட்டால் கதை முடிந்தது. ஆனால் சண்டைக்கு வெளியே பாருங்கள். அடுத்தவன் மனசைப் படிப்பது, வசியம் செய்வது, வேறு உலகத்துக்குத் தாவுவது எல்லாம் அவனுக்கு வரம்பே இல்லாமல் வரும். வாயிற்காவலன், வட்டிக்கடைக்காரர், ராஜா என்று யாராக இருந்தாலும் இவன் பேச்சைக் கேட்டுவிடுவார்கள். நான் ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்த சதித்திட்டம் பத்து நிமிடத்தில் காலி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராட்சசனின் விவரத்தாள் ஒரே ஒரு சண்டைக்காக எழுதப்பட்டது. நான்கு ரவுண்டில் சாகப் போகிறவனுக்கு வரம்பில்லாத வசியம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவன் எப்படியும் நாளைக்கு இருக்க மாட்டான். கேரக்டர் என்பது வருடக்கணக்கில் சாப்பிட்டு, தூங்கி, கடன் வாங்கி, சந்தைக்குப் போய் வாழ வேண்டிய ஆள். அந்தத் தாளை இவன் கையில் கொடுத்துவிட்டு நடுவில் எத்தனை லெவலைக் கூட்டிக் கழித்தாலும் கணக்கு நேராகாது. 2003-ல் சாவேஜ் ஸ்பீஷீஸ் என்று இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது அட்டவணைகள் இல்லை, ராட்சசனையே ஃபைட்டர், விசார்ட் மாதிரி ஒரு கிளாஸாகப் பிரித்து லெவல் லெவலாக வளர விட்டார்களே, அந்த யோசனைதான்.

அதுவும் புதிதில்லை. 1974-ல் வந்த முதல் விதிப் புத்தகத்திலேயே ஆட்டத்தை உருவாக்கிய கைகாக்ஸும் ஆர்னெசனும் இதைச் சொல்லிவிட்டார்கள்: யாரும் எதுவாகவும் ஆடலாம், பலவீனமாகத் தொடங்கி மேலே வர வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் காட்டிய உதாரணமும் டிராகன்தான், இளசாக இருந்து தொடங்கச் சொன்னார்கள். ஐந்தே வருடத்தில், 1979-ல் ஆட்டம் நடத்துபவர்களுக்காக வந்த டஞ்சன் மாஸ்டர் கைடில் கைகாக்ஸ் மனம் மாறி, ராட்சசனாக ஆடக் கேட்பவர்கள் பெரும்பாலும் மற்றவர்களை அமுக்கத்தான் கேட்கிறார்கள் என்கிற தொனியில் எழுதினார். அனுபவம் பேசியிருக்கும். ஆர்னெசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் வேம்பயராகி, சர் ஃபாங் என்ற பெயரில் எல்லாரையும் ஆட்டி வைத்தாராம். அவரை அடக்கத்தான் கிளெரிக் என்ற பூசாரி கிளாஸே பிறந்தது என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். எனக்கு இது குறையாகப் படவில்லை. ஒரு வேம்பயரை உள்ளே விட்டதால் ஐம்பது வருடமாக எல்லார் மேஜையிலும் கிளெரிக் உட்கார்ந்திருக்கிறார்!

இனி என் மேஜையில் விதி இதுதான்: என்ன வேண்டுமானாலும் கேள், குட்டியாகத் தொடங்கு. போன வாரம் டிராகன் கேட்டவனிடம் சொன்னேன், கருப்பு டிராகன் குஞ்சு தருகிறேன், பூனை சைஸ், முப்பதடிக்கு ஆசிட் துப்பும், இரண்டு நான்குமுகப் பகடை சேதம்.

"பூனையா?" என்றான்.

பூனைதான். ஊர்க்காரர்கள் பார்த்தால் அடிக்க வருவார்கள், அதனால் முதல் மாதம் ஹாஃப்லிங்கின் பைக்குள்தான் பயணம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன், நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான்: "பைக்குள்ள இருந்தே துப்பலாமா?"