அந்தக் கறுப்புக் கையை மன்னிக்கவே மாட்டேன்

நேற்று இரவு 'நருட்டோ ஷிப்புடென்' அனிமேயில் மறுபடியும் அந்தக் காட்சி. கதையின் பெரிய வில்லன் மதாராவின் முதுகில் புகுந்து மார்பு வழியாக வெளியே வரும், அவனுடைய கையாள் என்றே நாம் நினைத்திருந்த ஸெட்சுவின் கறுப்புக் கை. மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். மூன்று முறையும் வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

இந்த முறை பக்கத்தில் என் தங்கை இருந்தாள். அவளுக்கு இதுதான் முதல் முறை. கதாநாயகன் நருட்டோவின் எதிரிக் கூட்டமான அகாட்சுகியின் தலைவன் நாகாட்டோ செத்தபோது தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதவள். ஸெட்சு பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "அப்படியானால் நாகாட்டோ பட்ட பாடெல்லாம் எதற்கு அக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கதையை எழுதிய மசாஷி கிஷிமோட்டோவே நேரில் வந்தாலும் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மதாரா ஜெயித்துவிட்டான். உலகத்தையே கனவில் மூழ்கடிக்கும் அவன் வித்தையால் நிலவில் கண் திறந்துவிட்டது. உலகத்து மனிதர்கள் எல்லோரும் துணி சுற்றிய பொட்டலங்களாக மரத்தில் தொங்குகிறார்கள். இத்தனை வருடம் கதை எதை நோக்கி நகர்ந்ததோ அது நடந்தேவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை. மதாராவுக்கே ஒன்றும் புரியவில்லை. நீ என்னுடைய விருப்பத்திலிருந்து பிறந்தவன் அல்லவா என்கிறான். இல்லை, என் விருப்பம் என் தாய் காகுயாவுடையது என்கிறது ஸெட்சு. மதாராவின் உடம்பு பலூன் போல ஊதுகிறது, பிதுங்குகிறது. அதற்குள்ளிருந்து நெற்றியில் மூன்றாவது கண்ணோடு ஒரு பெண் எழுந்து வருகிறாள். அவள் யார்? நமக்கு அவளிடம் என்ன கோபம்? அவள் நமக்கு என்ன செய்தாள்? ஒன்றும் கிடையாது. அவள் பெயரையே நேற்று முன்தினம்தான் கேள்விப்பட்டோம்!

அதோடு விட்டதா? ஸெட்சு உட்கார்ந்து விளக்கம் வேறு சொல்கிறது. மதாராவின் உச்சிஹா குலத்துக் கல்வெட்டைத் திருத்தியது தானே என்கிறது. நிஞ்ஜாக்களின் வரலாறு முழுவதும் தன் தாயை மீட்பதற்காகத் தான் உண்டாக்கிய கதை என்கிறது. முழுவதும் என்றால் அகாட்சுகியும் அதில் அடக்கம்தானே?

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அகாட்சுகி யாருடையது? மழை விடாமல் பெய்யும் அமெகாகுரேயில், பெரிய நாடுகளின் போரில் பெற்றவர்களைப் பறிகொடுத்த மூன்று பிள்ளைகளுடையது. அப்பாவும் அம்மாவும் நருட்டோவின் ஊரான கொனோஹாவின் நிஞ்ஜாக்கள் கையால் சாவதைத் தன் வீட்டுக்குள்ளேயே நின்று பார்த்த நாகாட்டோ. பசியில் சுருண்டு கிடந்த அவனுக்குத் தன்னிடமிருந்த ரொட்டியைக் கொடுத்த கோனான். இந்த நாட்டை நான் மாற்றிக் காட்டுவேன் என்று மூக்கு ஒழுகும் வயதிலேயே சொன்ன யாஹிகோ. பின்னால் நருட்டோவுக்கும் குருவான ஜிராயா சாப்பிடக் கொடுத்த பொட்டலத்தின் காகிதத்தை மடித்து, கோனான் ஒரு பூ செய்து அவரிடமே நீட்டுவாளே, அந்த ஒரு நொடிக்கு நிகராகக் காகுயாவிடம் என்ன இருக்கிறது? மூன்று வருடம் ஜிராயா கூட இருந்து கற்றுக்கொடுத்தார். அவர்கள் வளர்ந்து சண்டையே வேண்டாம் என்று ஓர் இயக்கம் கட்டினார்கள். அகாட்சுகி என்றால் விடியல். அந்தப் பெயரை வைத்தவர்கள் அதை மனதாரத்தான் வைத்தார்கள்.

பிறகு அமெகாகுரேயின் தலைவன் ஹான்ஸோவும் கொனோஹாவின் டான்ஸோவும் சேர்ந்து செய்த துரோகம். கோனானைப் பிடித்து வைத்துக்கொண்டு, யாஹிகோவைக் கொன்றால் இவளை விடுகிறேன் என்று நாகாட்டோவிடம் சொல்கிறான் ஹான்ஸோ. நாகாட்டோவின் கையில் குனாய்க் கத்தி நடுங்குகிறது. யாஹிகோ தானே ஓடிவந்து அதில் பாய்ந்து விழுகிறான். அன்றுதான் விடியல் செத்தது. அதன் பிறகு வந்ததெல்லாம் அந்தப் பிணத்தின் மேல் கட்டியது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. யாஹிகோவின் உடலையே முன்னால் நிறுத்தித்தானே நாகாட்டோ 'பெயின்' என்ற பெயரில் ஆண்டான்! இதைவிடக் கனமான ஒரு வில்லனை நான் எந்த அனிமேயிலும் பார்த்ததில்லை. கொனோஹாவை ஒரே அடியில் பெரும் பள்ளமாக்கினான், ஜிராயாவைக் கொன்றான். அப்படியும் அவன் கேட்ட கேள்விக்கு நருட்டோவால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் நாட்டின் அமைதிக்கு எங்கள் நாடு செத்துக்கொண்டிருக்கிறதே, அது என்ன நீதி என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்தக் கேள்வியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

முதலில் கண்ணைப் பிடுங்கினார்கள். பெற்றவர்கள் செத்து விழுந்த நொடியில் நாகாட்டோவிடம் விழித்த ரின்னெகன் என்ற அபூர்வக் கண் அவனுடையதே இல்லையாம். மதாரா தன் கண்களைச் சிறு வயதிலேயே அவனுக்குப் பொருத்தி வைத்திருந்தானாம். அந்தப் பிள்ளையின் துக்கத்திலிருந்து வந்த ஒரே சொத்து அது, அதுவும் இரவல்! அப்புறம் முகமூடிக்காரன் ஓபிட்டோவின் திட்டத்துக்கு நாகாட்டோ ஒரு கருவி. ஓபிட்டோ மதாராவுக்குக் கருவி. மதாரா ஸெட்சுவுக்குக் கருவி. ஸெட்சு யார்? ஆரம்பத்திலிருந்து சிவப்பு மேகம் போட்ட அதே கறுப்பு அங்கியில், அதே அகாட்சுகியில், பிணம் தின்றுகொண்டு ஓரமாக நின்றதே, அது. யாஹிகோ கட்டிய வீட்டில் குடிபுகுந்த கரையான்.

முடிவெடுத்தது நாகாட்டோதானே, ஸெட்சு நிழலில் நின்று தூண்டிவிட்டது மட்டும்தானே என்று சிலர் வாதாடுவார்கள். என்னிடம் வேண்டாம். தூண்டியது யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றால், அதை அத்தனை நேரம் செலவழித்து நமக்குச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? போரை உண்டாக்கியது பெரிய நாடுகளின் பேராசை என்று 175 எபிசோடு சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு தேவதையும் அவள் பிள்ளையும்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், டான்ஸோவும் ஹான்ஸோவும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாமே!

நாகாட்டோவைச் செத்த பிறகாவது நிம்மதியாக விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தன் உயிரைக் கொடுத்து, சிவந்த முடி வெளுத்துப்போய், தான் கொன்ற கொனோஹா மக்களை மீட்டுவிட்டுப் போனவன் அவன். செத்தவர்களை எழுப்பும் கபூட்டோ அவனையும் எழுப்பிக் கொண்டுவந்து நருட்டோ மேலேயே ஏவுகிறான். கடைசியில் நருட்டோவின் பக்கம் நின்ற இட்டாச்சி அவனை முத்திரையிட்டு அனுப்பி வைக்கும்போது எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கோனானைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்று தூக்கம் வராது. ஓபிட்டோவால் ஐந்து நிமிடத்துக்கு மேல் உடம்பை மறைத்து வைக்க முடியாது என்று கணக்குப் போட்டு, பத்து நிமிடம் இடைவிடாமல் வெடிக்கும்படி 60,000 கோடி வெடிச்சீட்டுகளைத் தனி ஒருத்தியாகத் தயார் செய்தவள். ஓபிட்டோ இஸனாகி என்ற கண் வித்தையைப் போட்டுத் தப்பித்துவிட்டான், அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய கதையில் அவளுக்காக நின்று துக்கம் கொண்டாட யாருக்கும் நேரமில்லை. அகாட்சுகியின் முதல் மூவரில் கடைசியாக மிஞ்சியவள் அவள்! நருட்டோவிடம் அவள் கொடுத்துவிட்டுப் போன காகிதப் பூங்கொத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ள நாங்கள் எத்தனை நாள் காத்திருந்தோம் தெரியுமா? 426-ஆம் எபிசோடில் நிலவின் கனவு உலகத்தை மூடுகிறது. அடுத்து என்ன என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூலக்கதை அடுத்த அடி வைக்க முப்பது எபிசோடுக்கு மேல் ஆகிறது. நடுவில் துணைப் பாத்திரங்களான டென்டென் காணும் கனவு, சுனாடே காணும் கனவு. சுனாடேயின் கனவு மட்டும் பத்தொன்பது எபிசோடு! அவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து வந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு அந்தக் கறுப்புக் கை.

மூலக்கதையில் இல்லாத இந்த ஃபில்லர் எபிசோடுகளைச் சொன்னதும்தான் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நருட்டோ தன் அப்பாவை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு, நாகாட்டோவைத் தேடித் தனியாகக் கிளம்புகிறான் அல்லவா? நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுத் தட்டு மடியிலேயே ஆறிப் போயிருந்தது. 169 முடிந்தது. 170-ஐப் போட்டேன். கொனோஹாவின் நான்காவது ஹோகாகே, அதாவது ஊர்த் தலைவர், விட்டுப்போன புதையலைத் தேடி நருட்டோவின் ஏழாம் அணி சிரித்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்த எபிசோடிலும் அதே ஓட்டம்.

தங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "இவன் ஏன் அக்கா மறுபடியும் சின்னப் பையனாகிவிட்டான்?"