மூன்று கேள்வியில் முடிந்துபோன பதினைந்து வருடம்

டிராகன் ஏஜ் வீடியோ கேம் வரிசையின் நான்காம் பாகமான த வெய்ல்கார்டை முடித்து இவ்வளவு நாளாகியும் கோபம் அடங்கவில்லை. மூன்றாம் பாகமான இன்குவிசிஷன் வந்தது 2014 நவம்பரில். அடுத்த பாகம் 2024 அக்டோபர் கடைசியில். பத்து வருடம்! அதற்குள் வேலை மாறினேன், வீடு மாறினேன், கம்ப்யூட்டரும் மாறிவிட்டது. புது கேமைத் திறந்ததும், பழைய கதையைப் பற்றி அது கேட்டது மூன்றே விஷயம். போன பாகத்து நாயகி யாரைக் காதலித்தாள், தன் படையைக் கலைத்தாளா, தோழனாக இருந்து எதிரியாகிப்போன சோலஸைத் தடுப்பேன் என்றாளா காப்பாற்றுவேன் என்றாளா. அவ்வளவுதான்.

அப்புறம் முந்தைய பாகங்களில் கதையின் போக்கையே மாற்றி நான் எடுத்த முடிவெல்லாம் எங்கே போயிற்று?

2009-இல் வந்த முதல் பாகமான ஆரிஜின்ஸில் ஓர் இடம் வரும். அரசனைப் போர்க்களத்தில் கைவிட்டுப் போன லோகெய்னைக் கொல்வதா, மன்னித்து நம்மோடு சேர்த்துக்கொள்வதா? நான் மன்னித்தேன். முதல் நாளிலிருந்து கூடவே நடந்து வந்த அலிஸ்டர் அந்த நிமிடமே என்னை விட்டுப் போய்விட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட வந்த சூனியக்காரி மாரிகனின் சடங்குக்கும் சம்மதித்தேன். அதில் பிறந்த பையன் இன்குவிசிஷனில் சிறுவனாக எதிரில் வந்து நின்றபோது உடம்பு சிலிர்த்தது. இதற்காகவே கீப் என்று தனியாக ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு பாகங்களில் நாம் செய்ததையெல்லாம் அதில் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தால், இன்குவிசிஷன் எடுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. சந்தோஷமாகத்தான் செய்தேன்.

வெய்ல்கார்டிலும் மாரிகன் வருகிறாள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரு தாய்!

"ஆரிஜின்ஸ் மட்டும்தான் கேம், மற்றதெல்லாம் குப்பை" என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2011-இல் வந்த இரண்டாம் பாகம் ஒன்றரை வருடம்கூட ஆகாமல் அவசரமாக வந்தது உண்மை. ஒரே குகையில் கதவை மட்டும் அடைத்துவிட்டு, வேறு குகை என்று திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பிழைக்க வந்த ஓர் அகதிக் குடும்பம் கிர்க்வால் என்ற ஒரே ஊரில் வருடக்கணக்கில் எழுந்து விழுந்த கதை அது. கூடவே இருந்த தோழன் ஆண்டர்ஸ் கோயிலைத் தகர்த்த பிறகு, நண்பனென்று விடுவதா, கத்தியை எடுப்பதா என்று எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்! அந்தப் பாகத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, வெய்ல்கார்டில் எதுவுமே நன்றாக இல்லையா? இருக்கிறது. சண்டை வேகமாக, கைக்கு இதமாக இருக்கிறது. சோலஸ் கதையின் முடிவில் அழுதேன். ஆனால் முந்தைய பாகங்களில் மூன்று தோழர்களோடு சண்டைக்குப் போன இடத்தில் இப்போது இரண்டே பேர். ஆரிஜின்ஸில் நினைத்தபோது அலிஸ்டராகவோ மாரிகனாகவோ மாறி நானே சண்டை போட்டேன். இதில் தோழர்களுக்குக் கட்டளைதான் இட முடியும்.

இதையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கவே முடியாதது கதையின் நடுவே வரும் அந்தக் கடிதங்கள். முதல் கேமில் அத்தனை மணி நேரம் போராடிக் காப்பாற்றிய ஃபெரெல்டன் நாட்டை மறுபடியும் பிளைட் என்ற பேரழிவு தின்கிறது என்று கடிதத்தில் எழுதி அனுப்புகிறார்கள். அங்கே அரியணையில் இருந்தது யார்? நான் உட்காரவைத்த ஆள் என்ன ஆனார்? அலிஸ்டர் உயிரோடு இருக்கிறானா? அதையாவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே!