பிளஸ் ஒன் கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள்

பிளஸ் ஒன் கணக்கைத் தொடாமல், பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடும் பள்ளிகளை "நல்லா படிக்க வைக்கிறாங்க" என்று பெற்றோர்கள் இன்னும் நம்புகிறார்கள். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு பிளஸ் டூ மார்க் மட்டும் கணக்கில் வருவதால் வந்த வினை இது. 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கொஞ்சம் கடிவாளம் போட்டது. 2025-26 முதல் அதுவும் இல்லை. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதுதான். ஆனால் பாடம் நடக்கிறதா என்று இனி வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்டத்தில், முதல் செமஸ்டர் கணக்குத் தாள் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று இருந்தது. ஐந்து யூனிட்டில் நான்கு கால்குலஸ். அதற்கான அடிப்படை வகையிடலும் (டிஃபரன்சியேஷன்) தொகையிடலும் (இன்டக்ரேஷன்) பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில், 10, 11ஆம் பாடங்களில் இருக்கின்றன. பிளஸ் டூ புத்தகம் நேராக அவற்றின் பயன்பாடுகளுக்குப் போய்விடும்.

சைன் ஸ்கொயர் தீட்டாவை 0 முதல் பை/2 வரை தொகையிடச் சொன்னால், பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த குறைப்பு வாய்பாட்டில் பை/4 என்று பட்டென வரும். மேல் எல்லையை பை/4 என்று மாற்றிப் பாருங்கள், அந்த வாய்பாடு செல்லாது. உடனே சைன் கியூப் தீட்டா/3 என்று எழுதிவிடுவார்கள். அடுக்கை ஒன்று கூட்டி வகுக்கும் விதி எக்ஸுக்குத்தான், சைனுக்கு இல்லை. இரட்டைக்கோண வாய்பாடு தெரிந்த பிள்ளை அதை (1 - காஸ் 2தீட்டா)/2 என்று மாற்றும். தொகையிட்டால் தீட்டா/2 கழித்தல் சைன் 2தீட்டா/4. விடை பை/8 - 1/4. மூன்றே வரி. இதே கணக்கு பிறகு கல்லூரியில் இரட்டைத் தொகையீட்டுக்குள் நடுவழியில் வந்து நிற்கும், அங்கே இதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

பெர்னோலி சூத்திரத்திலும் இதே கதைதான். பெருக்கலாக இருக்கும் இரண்டில் ஒன்றை வகையிட்டுக்கொண்டும் மற்றதைத் தொகையிட்டுக்கொண்டும் போகும் முறை அது. எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டுக்கொண்டே போனால் பூஜ்ஜியம் வரும், அதனால் எக்ஸ் ஸ்கொயர் இ பவர் எக்ஸுக்கு அது சரி. இ பவர் எக்ஸ் சைன் எக்ஸுக்குப் போட்டால் முடிவே வராது. இரண்டு முறை பகுதித் தொகையிடல் (இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ்) செய்து, திரும்ப வரும் தொகையீட்டை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுத் தேர்வு முடித்தவர்கள், கல்லூரி திறக்கும் முன் 40 நாள் ஒதுக்குங்கள். திரிகோணவியல் முழுக்க வேண்டாம். கூட்டுக்கோணம், இரட்டைக்கோணம், பெருக்கலைக் கூட்டலாக்கும் வாய்பாடுகளுக்கு 8 நாள். வகையிடலுக்கு 10 நாள். சங்கிலி விதி கைக்கு வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள், கல்லூரியில் வரும் பகுதி வகையிடல் (பார்ஷியல் டிஃபரன்சியேஷன்) முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அணிக்கோவைக்கு (டிடர்மினன்ட்) 4 நாள் போதும். மிச்சம் 18 நாளும் தொகையிடல்: பிரதியிடல், பகுதிப் பின்னம், பகுதித் தொகையிடல் என்ற வரிசையில், நாளுக்கு 15 கணக்கு. விடைப் பக்கத்தைப் புரட்டும் முன் உங்கள் விடையை வகையிட்டுப் பாருங்கள். கேள்வி திரும்ப வர வேண்டும். கைடு வாங்க வேண்டாம், அரசுப் பாடநூலின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மூடி வைத்துவிட்டுத் தானாகப் போட்டாலே போதும்.