கணக்குக் கேட்காத காசு

அமெரிக்காவில் மெக்ஆர்தர் அறக்கட்டளை, துறை எதுவானாலும் அசாதாரணத் திறமை உள்ளவர்களைத் தேடிப்பிடித்துக் கொடுக்கும் நிதிதான் மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப். அதன் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் எல்லாரும் பேசுவது தொகையைத்தான். 8 லட்சம் டாலர், ஐந்து வருடத்துக்குத் தவணை தவணையாக. விண்ணப்பம் போட முடியாது. யாரோ ஒருவர் ரகசியமாகப் பெயரைப் பரிந்துரைப்பார், ஒருநாள் போன் வரும். பத்திரிகைகள் இதற்கு 'ஜீனியஸ் கிராண்ட்' என்று பெயர் வைத்துவிட்டன. அறக்கட்டளைக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். பணத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் ஒன்றுமே கேட்பதில்லை. அறிக்கை கிடையாது, ரசீது கிடையாது. கடனை அடைக்கலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம், ஒரு வருடம் சும்மா உட்கார்ந்து யோசிக்கலாம்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் சாதாரண ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பம் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். அதில் ஒரு அட்டவணை இருக்கும். முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றிலும் என்ன முடிவு கிடைக்கும் என்று நிரப்பச் சொல்வார்கள். என்ன கிடைக்கும் என்று இப்போதே தெரிந்தால் அப்புறம் ஆராய்ச்சி எதற்கு? ஆனாலும் கட்டத்தைக் காலியாக விட முடியாதே. விவரமானவர்கள் என்ன செய்வார்கள் என்றால், ஏற்கெனவே பாதி முடித்துவைத்த வேலையை 'செய்யப்போகிறோம்' என்று எழுதிவிட்டு, கிடைக்கிற காசில் அடுத்த வேலையைச் சத்தமில்லாமல் ஆரம்பிப்பார்கள். கொடுப்பவருக்கும் இது தெரியும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தைப் பயணத்துக்கு மாற்ற வேண்டுமா? அதற்கொரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு நினைவூட்டல் கடிதம்.

இந்தத் திட்டத்தின் வேரும் இப்படியொரு எரிச்சலில்தான் இருக்கிறது. 1976-இல் ஜார்ஜ் பர்ச் என்ற இதய மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதினார். திறமையான ஆராய்ச்சியாளர்களை விண்ணப்பம், அறிக்கை என்று இழுத்தடிக்காமல் அவர்கள் போக்கில் விடுங்கள் என்பது அவர் வாதம். இன்ஷூரன்ஸ் தொழிலில் பெரும்பணம் சேர்த்த ஜான் மெக்ஆர்தர் 1978-இல் இறந்தபின், சிகாகோவிலிருந்த அவருடைய அறக்கட்டளை இந்த யோசனையைக் கையில் எடுத்தது. முதல் பட்டியல் 1981-இல் வந்தது. அதில் 21 வயது இயற்பியலாளர் ஸ்டீபன் வோல்ஃப்ராமும் இருந்தார், 79 வயது பார்பரா மெக்ளின்டாக்கும் இருந்தார்.

மெக்ளின்டாக்கிடம்தான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. மக்காச்சோளத்தில் சில மரபணுக் கூறுகள் இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று கண்டுபிடித்தவர். 1951-இல் ஒரு கருத்தரங்கில் அதை விளக்கியபோது பெரும்பாலானோருக்குப் புரியவில்லை, புரிந்தவர்கள் நம்பவில்லை. கொஞ்ச காலத்தில் அதைப்பற்றி ஆய்விதழ்களில் எழுதுவதையே குறைத்துக்கொண்டார், சோளத்தை மட்டும் விடவில்லை. முப்பது வருடம் கழித்து, உலகம் அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு மெக்ஆர்தர் வந்தது, இரண்டு வருடத்தில் நோபலும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவரைத் தாங்கியது யார்? கார்னெகி என்ற ஆராய்ச்சி நிறுவனம். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் இருந்த அதன் ஆய்வகத்தில் மாதாமாதம் சம்பளம், கொஞ்சம் சோள நிலம், ஒரு மைக்ராஸ்கோப். 'இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது பாரு' என்று யாரும் அவரை விரட்டவில்லை. கணக்குக் கேட்காத காசு என்றால் எனக்கு அந்தச் சம்பளம்தான். மெக்ஆர்தர் காய்த்த மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்.

இன்னொருவர் யீடாங் ஜாங். பர்டூ பல்கலைக்கழகத்தில் 1991-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியும் வேலை அமையாமல், நண்பரின் சப்வே சாண்ட்விச் கடையில் கணக்கு எழுதினார். பிறகு நியூ ஹாம்ப்ஷயரில் விரிவுரையாளர். 2013-இல், ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட நிலையில், பகா எண்களை எவ்வளவு தூரம் எண்ணிக்கொண்டு போனாலும் 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் ஜோடிகள் வந்துகொண்டே இருக்கும் என்று நிரூபித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. மெக்ஆர்தரும் பார்த்தது, 2014-இல்.

நம் ஆள் ஒருவரும் உண்டு. குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன், 1983 பட்டியலில். சங்கப் பாட்டு மொழிபெயர்க்கிற கவிஞருக்கு 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன், 200 சொற்களுக்குள் எழுதுக' என்ற கேள்வியே இல்லாமல் பணம் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவரும் அப்போது பெயர்பெற்ற பேராசிரியர்தான்.

கேள்வி கேட்காமல் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் திட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து நிதி தருகிறது. ஆரம்பத்தில் சறுக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். அங்கே நிதி பெற்றவர்களை, அதே தரத்தில் அரசு நிதியில் இயங்கும் விஞ்ஞானிகளோடு ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர்கள் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹியூஸ் ஆட்களிடம் பெரிய கண்டுபிடிப்புகள் அதிகம். சொதப்பல்களும் அதிகம். எனக்குப் பிடித்ததே இந்த இரண்டாவது வரிதான், துணிந்து இறங்கினால்தானே சொதப்ப முடியும்! ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய கணித மேதைகள் அதன்பின் குறைவாக எழுதுகிறார்கள் என்றும் ஓர் ஆய்வு உண்டு. அதற்கு ஒரு காரணம், அவர்கள் பழக்கமில்லாத துறைகளில் கைவைத்துப் பார்ப்பது. அதை நான் சோம்பல் என்று சொல்ல மாட்டேன்.

அதனால் கணக்குக் கேட்காத முறையில் கைவைக்கக் கூடாது. ஆள் பிடிக்கிற முறையைத்தான் மாற்ற வேண்டும். பரிந்துரைப்பவர் யாரென்று தெரியாது, தேர்ந்தெடுப்பவர் யாரென்றும் தெரியாது. சிபாரிசு தேடி அலைவதை இது தடுக்கிறது, சரி. ஆனால் பரிந்துரைப்பவரின் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நீங்கள் இருந்தாக வேண்டும். சாண்ட்விச் கடைக் கணக்கு நோட்டு அந்தத் தூரத்தில் இல்லை.

அயர்லாந்து 2022-இல் வேறு வழியில் போனது. கலைஞர்களுக்கு அடிப்படை வருமானம்: வாரம் 325 யூரோ, மூன்று வருடம், 2,000 பேருக்கு. தகுதியானவர்கள் 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள். யார் மேதை என்று உட்கார்ந்து மண்டையை உடைக்காமல் குலுக்கல் போட்டுவிட்டார்கள். வருடத்துக்கு 16,900 யூரோ. பெரிய பணமில்லை, ஆனால் வாடகைக்காகப் பிடிக்காத வேலை ஒன்றை உதறலாம். அறக்கட்டளைகளும் இதைச் செய்யலாம்: அடிப்படைத் தகுதியை மட்டும் பார்த்து வடிகட்டிவிட்டு, ஒருவருக்குப் போகும் 8 லட்சத்தைப் பத்துப் பேருக்கு 80,000 என்று குலுக்கலில் பிரித்துக் கொடுக்கலாம். என்ன, பெரிய பெரிய புகைப்படங்களோடு பட்டியல் வெளியிட முடியாது, நாளிதழ்களில் செய்தி வராது. கொடுக்கிறவர்களுக்கு அதுதான் மனசு வராது என்று நினைக்கிறேன்.