மணவாக்கில் "பிரமாணிக்கம்" என்றும் ஒரு சொல் இருக்கிறது

கோயில் திருவிழா நவநாளின் (ஒன்பது நாள் வழிபாட்டின்) ஏழாம் நாள் நடந்தது எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் சபையில், எல்லோருக்கும் தெரியும். மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுவில் அதுதான் ஓடுகிறது. அதனால் முழுக்கதையும் வேண்டாம். பூசையில் முதல் வாசகம் (பைபிள் பகுதி) வாசிக்கப் பெயர் கொடுத்த ஒரு பெண், நான்கு நாள் வீட்டில் வாசித்துப் பழகிவிட்டு வந்து நிற்கிறார். பூசைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பெரியவர் அவர் கையிலிருந்த தாளை வாங்கி இன்னொரு பிள்ளையிடம் கொடுக்கிறார். கேட்டதற்குப் பதில்: "புருஷனோட வாழாதவங்க பீடத்துல ஏறக்கூடாதும்மா."

அந்தப் புருஷன் பெயர் கோயில் வாசல் ஃப்ளெக்ஸில் இருக்கிறது. மின்னலங்காரம் அவர் உபயம். மேடையில் பொன்னாடையும் போர்த்தியாயிற்று. அவர் காரைக்குடியில் யாரோடு குடித்தனம் நடத்துகிறார் என்று பொன்னாடை போர்த்திய கைகளுக்குத் தெரியாதா? தெரியும். எந்தத் தெரு என்றுகூடத் தெரியும். சீரியல் பல்புக்கு அவ்வளவு வெளிச்சம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிரிந்து வாழ்வது பாவமில்லை. நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கத் தடையில்லை, வாசகம் வாசிக்கவும் தடையில்லை. இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1152, 1153 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. துணைவர் துரோகம் செய்தால் மன்னியுங்கள் என்று முதலாவது கெஞ்சிக் கேட்கிறது. மன்னித்து ஏற்க முடியாவிட்டால் பிரிந்துபோக உரிமை உண்டு என்றும் அதே எண்தான் சொல்கிறது. இரண்டாவது, உடலுக்கோ மனதுக்கோ பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரியலாம் என்கிறது. "அதற்கு ஆயரிடம் (பிஷப்பிடம்) முறைப்படி போக வேண்டுமே" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் வந்தார். சரி தம்பி, பொதுவாகப் போக வேண்டும்தான். அடி வாங்கி ராத்திரி பஸ் ஏறுகிறவள் சட்டப்புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும் என்கிறீர்களா?

குழுவில் இன்னொருவர், ஓரியூரில் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரையே இழுத்துவிட்டார். "திருமணத்தின் புனிதத்துக்காக ரத்தம் சிந்திய மண் இது, ஓரியூர் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா" என்று. அதைப் படித்ததிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. ஐயா, ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டில் வைத்திருக்கிறோம், அந்த மண் எப்படிச் சிவந்ததாகச் சொல்கிறார்கள் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவருக்குப் பல மனைவிகள். ஞானஸ்நானம் கேட்டபோது, முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொள் என்றார் அருளானந்தர். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதியின் உறவுக்காரி. அவள் போய் முறையிட்டதில் பிடித்த தீதான் 1693 பிப்ரவரி 4-இல் அவர் தலையில் வந்து முடிந்தது. அவர் "ஒருத்தியோடு இரு" என்று சொன்னது ஆம்பளையிடம். பெண்ணிடம் போய் "அவன் நாலு பேரோடு இருந்தாலும் நீ பொறுத்துக்கொண்டு இரு" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலை தப்பியிருக்கும், பொன்னாடையும் கிடைத்திருக்கும்.

(அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணை, கடலை என்று பெயர், நம் பிரசங்கங்களில் வில்லியாக்கிவிட்டோம். அவளும் ஒரு நாள் திடீரென்று வீட்டை விட்டு வெளியே நிறுத்தப்பட்டவள்தானே. அது வேறு பேச்சு, விடுங்கள்.)

நம் கல்யாண வாக்குறுதி ஞாபகம் இருக்கிறதா? "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாயிருந்து, என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்." இதில் நம் ஆட்களுக்குக் காதில் விழுவது "வாழ்நாளெல்லாம்" மட்டும். பிரமாணிக்கம், அதாவது துணைக்கு உண்மையாக இருப்பது, எங்கே போயிற்று? மதிக்கவும் எங்கே போயிற்று? வாக்கை உடைத்தவனை விட்டுவிட்டு, உடைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளைக் கேள்வி கேட்கிறோம்.

"அப்போ எல்லோரும் டைவர்ஸ் வாங்கலாம் என்கிறாயா?" இல்லை. ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்கிறேன், இல்லை. முறையாக நடந்து நிறைவேறிய திருமணத்தை எந்த மனித அதிகாரமும் அவிழ்க்க முடியாது என்பது திருச்சபையின் போதனை. அதை நானும் நம்புகிறேன். முதல் துணை உயிரோடு இருக்கும்போது வேறு கல்யாணம் செய்வதுதான் சிக்கல். அந்தப் பெண் செய்தாரா? அவர் உண்டு, தையல் மிஷின் உண்டு, ப்ளஸ் டூ படிக்கும் மகன் உண்டு என்று இருக்கிறார். சிவில் கோர்ட்டில் விவாகரத்தே ஆகிவிட்டாலும், மறுமணம் செய்யாதவரை அவர் நற்கருணைக்கு வரலாம். மறுமணம் செய்தவர்களைக்கூட சபையை விட்டுத் தள்ளப்பட்டவர்களாக நடத்தாதீர்கள் என்று 2016-இல் எழுதினார் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். சில வேளைகளில் பிரிவு தவிர்க்க முடியாதது, அறநெறிப்படி அவசியமாகவும் ஆகலாம் என்று அதே ஏட்டில் இருக்கிறது. ரோமில் தெரிந்தது நம் பங்குப் பேரவைக்குத் தெரியவில்லை.

இதில் செல்லாத்திருமணத் தீர்ப்பை வேறு போட்டுக் குழப்புகிறார்கள். "காசு கொடுத்தால் ரத்து பண்ணித் தருவாங்க" என்று ஒரு கமென்ட். அது ரத்தும் இல்லை, விவாகரத்தும் இல்லை. பீடத்தின் முன் நின்ற அன்றைக்கே அது திருமணமாக ஆகவில்லை என்று விசாரித்துச் சொல்வது. மிரட்டிச் சம்மதிக்க வைத்தது, பெரிய விஷயத்தை மறைத்து ஏமாற்றியது, பொறுப்பேற்கும் மனநிலையே இல்லாதது, இப்படி. கல்யாணத்துக்குப் பின்னால் கெட்டுப்போனான் என்பது மட்டும் காரணமாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களாக ஆகிவிட மாட்டார்கள். 2015-இல் பிரான்சிஸ் நடைமுறையைச் சுருக்கினார். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று, முடிந்தவரை கட்டணமில்லாமல் செய்யுங்கள் என்றார். ஆனால் மறைமாவட்டத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்ய முடியாது, அரசு நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டும்.

"நீ ஏன் இவ்வளவு துள்ளுகிறாய், உனக்கென்ன வந்தது?" இதைக் கேட்டவர் என் கூடப் படித்தவர். தெரிந்தே கேட்கிறார். சரி, சொல்கிறேன்.

என் அக்காவுக்கு 1988-இல் கல்யாணம். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தார்கள், யாரும் தடை சொல்லவில்லை. அவனுக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் தொடர்பு இருந்தது அவர்கள் தெருவுக்கே தெரியும், ஓலை கேட்ட கோயிலுக்கு மட்டும் தெரியவில்லை. 1993-இல் இடது காது கேட்காமல் திரும்பி வந்தாள். வக்கீலிடம் கூட்டிப்போனோம். அப்போது கிறிஸ்தவர்கள் நமக்கு இருந்தது 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். மனைவி தவறினாள் என்று மட்டும் புருஷன் நிரூபித்தால் போதும், மனைவி கேட்டால் துரோகத்தோடு சேர்த்துக் கொடுமையோ கைவிட்டதோ நிரூபிக்க வேண்டும். 2001-இல்தான் திருத்தினார்கள். அக்கா கேஸே வேண்டாம் என்றாள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொட்டான் (ஓலைக் கூடை) முடைய ஆரம்பித்தாள். சாயம் போட்ட பனையோலையைத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். விரல் நுனி எப்போதும் ஒரு நிறத்தில் இருக்கும்.

அவளுக்கு முதல் ஆர்டர் கொடுத்தது பக்கத்துத் தெரு ஆச்சி. மகள் கல்யாணத்துக்கு நாற்பது கொட்டான். "நல்ல காரியத்துக்கு என் கையாலயா ஆச்சி" என்று அக்கா தயங்க, "கைக்கு என்னடி வந்துச்சு, ஓலை நறுக்குன காயம்தானே இருக்கு" என்றார் அந்த ஆச்சி. எங்கள் ஆட்கள்? பெரியப்பா மகள் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு நெட் (முக்காடு) செருகக்கூட அவளை விடவில்லை.

பதினோரு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும் கடைசித் தூணருகே உட்காருவாள். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது முழங்காலை ஒதுக்கி வழிவிடுவாள். வாங்கக்கூடாது என்று யாரோ ஒருவர் ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறார். 2004-இல் படுக்கையில் கிடந்தபோது நோயில் பூசுதலுக்கு வந்த சாமியார், "நன்மை வாங்குறியாம்மா?" என்றார். "நான் வாங்கக்கூடாதுல்ல சாமி?" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. யார் சொன்னது, நீ மறுகல்யாணம் செய்தாயா, இல்லையே, பிறகென்ன என்று கேட்டுக்கொண்டே போனார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வேதபாடம் எடுத்தவன். எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை. அவளுக்கு நான் எழுதிய பழைய கடிதத்தில் "கொஞ்சம் பொறுத்துப் போ, சரியாகிவிடும்" என்றுதான் இருந்தது. அவள் போன பிறகு ட்ரங்க் பெட்டியில் கிடைத்தது.

"பங்கு விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா, பிற மதத்தவர் என்ன நினைப்பார்கள்?" நாற்பது கொட்டான் ஆர்டர் கொடுத்தவர்கள் என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளை நீங்களே எழுதுவீர்கள். அந்தத் தாளை வாங்கிய நேரத்தில் அதே அறையில் நானும்தான் இருந்தேன். பாட்டுப் புத்தகத்தில் காணிக்கைப் பாடலைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்க எண் எனக்கு மனப்பாடம்.

ஞாயிறு ஏழு மணிப் பூசைக்கு வருகிறேன். அந்தத் தாளை அந்தப் பெண்ணிடமே கொடுங்கள். இல்லையென்றால் பாடகர் குழுவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.