தமிழில் ஒரு விடியற்காலைத் திருப்பலி வேண்டும்

நத்தார் வழிபாடுகளைத் திட்டமிடும் பேச்சு எங்கள் ஆலயப் பங்கிலும் தொடங்கிவிட்டது. குடிலை யார் கட்டுவது, கரோல் குழு எந்தத் தெருக்களுக்குப் போவது என்பவை எளிதில் முடிவாகிவிட்டன. 24ஆம் திகதி நள்ளிரவில் மும்மொழிகளிலும் ஒரே திருப்பலி, மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்னொன்று, அத்துடன் போதும் என்ற கருத்து வலுத்து வருவதுதான் என்னை வருத்துகிறது.

புறக்கோட்டையில் நத்தாருக்கு முந்திய இரவு எப்படி இருக்கும் என்பது கொழும்பில் வாழும் எல்லோருக்கும் தெரியும். மெயின் வீதியிலும் கெய்சர் வீதியிலும் புடவைக் கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருக்கும். அந்தக் கடைகளில் நின்று துணி விரிப்பவர்களிலும் மூட்டை சுமப்பவர்களிலும் மலையகத்திலிருந்து வந்த இளைஞர்கள் பலர். அவர்களில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். முதலாளி கதவைப் பூட்டிய பிறகே அவர்களுக்கு நத்தார் தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, நத்தார் இரவில் ஆலய வாசல்களில் பைகளைச் சோதிப்பது வழமையாகிவிட்டது. அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் உரிய நேரத்துக்கு முன்பே வந்து வரிசையில் நிற்க முடிந்தவர்களுக்கே நள்ளிரவுத் திருப்பலியில் இடம் கிடைக்கிறது. காலை எட்டு மணித் திருப்பலியும் இவர்களுக்கு உதவாது. கிடைத்த ஒரு நாள் விடுமுறையில் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டியவர்கள் அந்நேரம் பஸ்ஸில் இருப்பார்கள்.

திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கே இதற்கு வழி வைத்திருக்கிறது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்குத் திருவிழிப்பு (முந்திய மாலை), நள்ளிரவு, விடியற்காலை, பகல் என நான்கு திருப்பலிகள் தனித்தனி வாசகங்களுடன் உள்ளன. விடியற்காலைக்குரிய நற்செய்தி, லூக்கா 2ஆம் அதிகாரத்தில் இடையர்கள் பெத்லகேமுக்கு விரைந்து சென்று குழந்தையைக் காணும் பகுதி. இரவு முழுவதும் கிடைக்குக் காவல் இருந்து வேலை செய்தவர்களே முதலில் அழைக்கப்பட்டார்கள் என்று வாசித்துவிட்டு, இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்குப் பூசை வைக்காமல் இருப்பது எப்படிப் பொருந்தும்?

குருக்கள் போதாது என்ற பதிலும் வருகிறது. நத்தார் தினத்தில் ஒவ்வொரு குருவும் உரிய வேளைகளில் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றத் திருச்சபை அனுமதிக்கிறது. களைப்பு உண்மைதான், குறிப்பாகத் தனியாகப் பங்கைக் கவனிக்கும் வயதான தந்தையர்க்கு. அப்படியான இடங்களில் அயல் பங்குகள் இரண்டு சேர்ந்து ஒரு விடியற்காலைத் திருப்பலியை வைக்கலாம்.

மும்மொழித் திருப்பலியை நான் எதிர்க்கவில்லை. சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தைச் சுற்றி நிற்பது இந்த நகரத்துக்குத் தேவை. ஆயினும் அதில் தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வாசகமும் ஒரு பாட்டும்தான். மறையுரையைத் தன் மொழியில் முழுமையாகக் கேட்க ஆண்டில் இந்த ஒரு நாளாவது ஒருவருக்கு உரிமை உண்டு.

ஆகவே அதிகாலை ஐந்து மணி என்று முடிவு செய்து, நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே அறிவித்து, அந்த அறிவித்தலைப் புறக்கோட்டைக் கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று பங்குச் சபையிடம் கேட்கிறேன். வாசகம் வாசிக்கவும் மன்றாட்டுச் சொல்லவும் அந்த இளைஞர்களையே அழைக்கலாம். பெரிய பாடகர் குழு தேவையில்லை. ஒரு ஆர்மோனியமும் பாடத் தெரிந்த நான்கு பேரும் போதும். பாட விரும்புபவர்கள் வரும் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் குடில் கட்டும் இடத்துக்கு வாருங்கள், அங்கேயே பேசி முடிவெடுப்போம்.